மச்சான் படமும் மிளகு மூட்டையும்

மழை நாளில் பஸ் சன்னலைத் திறந்து வைத்து, மலையழகு பார்க்கிறேன் பேர்வழி என்று பாதிச் சட்டையை நனைத்துக்கொண்ட புத்திசாலி நான். வாசலூர்பட்டி பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் வளப்பூர் நாட்டுத் தம்பதி ஒன்று. படகுத்துறைப் பக்கம் வேனை நிறுத்தி மிளகு விற்கிறவர்கள், கடையை அப்படியே அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"உங்கண்ணன் மூஞ்சி மேல மழை பெய்யலாமா, நீயே சொல்லு?" என்றார் கணவர். காதைத் தீட்டிக்கொண்டேன்.

"வேனுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவுல இருக்கிற சந்துல, புள்ளை சீருக்கு அடிச்ச ஃபிளக்ஸை விரிச்சுக் கட்டுங்கன்னு சொன்னேனா இல்லீங்களா?"

"அதுல மச்சான் படம் ஆளுயரத்துக்கு இருக்குதே. பார்த்தா சங்கடப்படுவாருன்னு சுருட்டி வெச்சுட்டேன்."

"மழையில கரையறதுக்கு எங்கண்ணன் என்ன வெல்லமா? மூட்டையெல்லாம் வேன் கதவோரந்தானே இருக்குது?"

"ஆமா..."

"தார்ப்பாய் எந்தப் பக்கம் சரிவு?"

"வேன் பக்கம். வாங்க வர்றவங்க தலையில ஊத்தக் கூடாதுல்ல."

"ஐயோ! அத்தனை தண்ணியும் மூட்டை மேலயா? பூஞ்சணம் புடிச்சா வருசத்து வெள்ளாமையே போச்சுங்களே!"

மழை வலுத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி, "வேன் பக்கம் உயர்த்திக் கட்டியிருந்தால் தண்ணீர் வெளியே ஓடியிருக்குமே" என்றேன்.

முகத்தில் தெறித்த சாரலை முந்தானையால் துடைத்துக்கொண்டே அந்தம்மா சொன்னார்:

"மொதல்ல உங்க சன்னலைச் சாத்துங்க."