ஐந்து எண்களின் கூட்டுத்தொகை

“வியாழன், மாலை 5.10, பொம்மிடி நிலையம். சேலம் வண்டி தாமதம்” என்கிறது என் குறிப்பேடு. பக்கத்து பெஞ்சில் இரண்டு கல்லூரி ஆசிரியைகள். இளையவர் மடியில் மாணவிகளின் ரெக்கார்டு நோட்டுகள். அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் நான் காது கொடுத்தேன்.

“ஒருத்தியத் தவிர எல்லாரும் சரியா எழுதியிருக்காங்க. அதாங்க்கா பயமா இருக்குது.”

“சரியா எழுதுனா மார்க்கப் போடு. என்ன பயம்?”

“பத்து, இருவது, முப்பது, நாப்பது, அம்பது. இந்த அஞ்சையும் கூட்டுற புரோகிராம். அவுட்புட்டு நூத்தம்பதுன்னு எல்லாரும் எழுதிட்டாங்க. சித்தேரி மலையிலருந்து வர்ற பொண்ணு மட்டும் நூறுன்னு எழுதியிருந்தா. ‘உனக்குக் கூட்டக்கூட தெரியாதா’ன்னு கிளாஸ்லயே கேட்டு முட்டை போட்டுட்டேன்.”

“சரிதான?”

“மத்தியானம் நானே கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தேன். நூறுதான் வருது. போர்டுல நான் எழுதிப்போட்ட புரோகிராமே தப்புங்க்கா. நாலு நம்பரோட நின்னுருது.”

மூத்தவர் சிரித்துவிட்டார். “அப்ப மத்த புள்ளைங்க?”

“மனக்கணக்கு. ஒருத்தியும் ஓட்டிப் பாக்கல.”

“இன்டர்னல் மார்க் லிஸ்ட்டு நாளைக்குப் போவுது. மொதல்ல அவளுதை மாத்து.”

“ஏன் மாத்துனீங்கன்னு எச்.ஓ.டி. கேப்பாருங்களே?”

“முட்டை எனக்குங்க சார்னு சொல்லு.”

இளையவர் ஒரு நோட்டை உருவி, சிவப்புப் பேனாவால் பூஜ்யத்துக்கு முன்னால் ஒன்று போட்டார். வண்டி வந்தது.

பிறகு அவர் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பெண்ணிடம் தன் தவறைச் சொன்னாரா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.