சித்தப்பா கட்டிலும் ஐந்து ஸ்பீக்கரும்

முட்டை அட்டைக்கு வாசனையே கிடையாது சார். இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் அது வெறும் அட்டைதான். வெள்ளிக்கிழமை வெங்காயம்கூட உள்ளே வராத வீடு எங்களுடையது. அந்த வீட்டுச் சுவரில் நூற்று எண்பது முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன் என்றால் என் சாமர்த்தியத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள். சித்தப்பா கேட்டபோது ஆப்பிள் அட்டை என்று சொன்னேன். ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்துனூண்டு ஆப்பிள் எந்த ஊர்லடா காய்க்கறது?" என்றார். சிம்லாவில் என்றேன். அன்று நானும் என் மனைவி சாருலதாவும் மாடிப்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். போன தொண்ணூற்றெட்டு ஜனவரியில் தி. நகர் கடை ஒன்றில் என்னை ஐந்து ஸ்பீக்கருக்கு நடுவே உட்காரவைத்தார்கள். ஒரு ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வந்து என் தலைக்கு மேலே போயிற்று. நான் குனிந்துவிட்டேன். முப்பத்தாறு வயதில் கடைக்காரன் முன்னால் குனிந்து, நிமிர்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி "இன்னொரு தடவை போடுங்க" என்று கேட்டேன். விலையைச் சொன்னார்கள். அது எனக்கு ஒன்றரை வருஷச் சம்பளம். சரி, வீட்டிலேயே இப்படி ஓர் அறையை நாமே செய்துவிடுவோம் என்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஐயப்பன் சீசன் முடிந்திருந்ததால் பாண்டி பஜாரில் கறுப்புத் துணி பாதி விலைக்குக் கிடைத்தது. எதிரொலி வராமலிருக்கச் சுவருக்கு முட்டை அட்டை, சத்தம் வெளியே கசியாமலிருக்கக் கதவுக்குப் பழைய தேங்காய் நார் மெத்தை. ஆம்ப்ளிஃபயரை ரிச்சி தெரு ரேடியோ மெக்கானிக் இனாயத் அசெம்பிள் செய்து கொடுத்தான். ஒவ்வொரு சாமான் வந்த நாளும் எனக்குத் தீபாவளிதான்.

அறை சித்தப்பாவுடையது. அபிராமபுரம் வீடே அவருடையதுதான். ராகவேந்திரன், கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர். அவர் இந்த யோசனைக்குக் குறுக்கே நின்றார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "மேட்ச் பாக்கலாமோல்லியோ?" என்று ஒன்றுதான் கேட்டார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அளவைக் குறித்துக் கொடுத்தவரே அவர்தான்.

சிக்கல் கட்டிலில்தான் வந்தது. ஸ்பீக்கர் மாட்ட வந்த இனாயத் அறை நடுவில் நின்று தலையைச் சொறிந்தான். "இன்னா சார் இது, நட்ட நடுவுல கட்டில் கீது? அங்கதான் சார் நீ குந்தணும். அஞ்சு சவுண்டும் அங்கதான் வந்து சேரும்."

கட்டிலைச் சுவரோரம் போட்டால் சித்தப்பாவின் தலை வடக்கே வரும். அது கூடாது. தெற்கே தலைவைத்தால் டிவி தலைமாட்டுக்குப் பின்னால் போய்விடும், மேட்ச் தெரியாது. ஹாலில் படுக்கச் சொன்னேன். "என் ரூமை விட்டு நான் எங்கடா போவேன்? நீ பாட்டுக்குப் பாரு, நானும் பாக்கறேன்" என்றார். அதனால் அவர் நடுவில் படுத்துக்கொண்டு ஹெலிகாப்டர் கேட்டார். நான் ஓரத்தில் பிரம்பு ஸ்டூலில் உட்கார்ந்து, பாதி ஹெலிகாப்டர் கேட்டேன். எனக்கு வருத்தம் இருந்தது. கோபம் என்று சொல்ல மாட்டேன்.

ஜன்னலைப் பலகை போட்டு அடைத்தேன். அது எல்லாரும் செய்வதுதான். பின்பக்க ஸ்பீக்கருக்குச் சரியான உயரத்தில் அவருடைய மருந்து அலமாரி இருந்தது. அதைக் கழற்றி, இன்ஹேலரோடு ஹாலுக்குக் கொண்டுவந்தேன். அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டியபிறகு அதைத் திறக்க எனக்கே இரண்டு கையும் வேண்டியிருந்தது.

பிறகு பரிசோதனை செய்தோம். பூஜை மணியை அவர் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு ஹாலில் நின்றேன். தீபாராதனைக்கு அடிப்பது போல அடித்தாராம். ஒன்றும் கேட்கவில்லை. நான் ஹாலில் ஒரு சுற்று ஆடினேன். கேபிள் ஒயர் போன ஓட்டையில் காதை வைத்தபோதுதான் மெல்லியதாக ஒரு கிணிகிணி வந்தது. அந்த ஒரு குறைதான் பாக்கி.

"கேட்டுதாடா?"

"கேக்கவே இல்லை சித்தப்பா."

"பேஷ்" என்று என் தோளைத் தட்டினார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அப்போ எனக்கு இழுத்துதுன்னா யாருடா வருவா?" என்றார். மணியை அவர் தலைமாட்டிலேயே வைத்து, அடித்தால் போதும், நான் பக்கத்திலேயே இருப்பேன் என்றேன். இருக்கவும் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாருலதா கே.கே. நகரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சாப்பிட்டுவிட்டுச் சித்தப்பா தூங்கினார். அவர் தலைமாட்டில் கடைசி வரிசை அட்டையை ஒட்டினேன். பசை நெடி அவருக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் ஒட்டினால் காயவேண்டும், தூசி படக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். மூன்று மணிக்கு ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒயரை ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோது மணிச் சத்தம் கேட்டது.

இன்ஹேலர் எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. ஓட்டை அடைக்கிற எம்-சீல் கையிலேயே இருந்தது. அதில் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டு துண்டு இருக்கும். சேர்த்து ஒரே சாம்பல் நிறம் வரும்வரை பிசையவேண்டும். இரண்டு நிமிஷம் ஆகும். அவசரப்பட்டால் பிடிக்காது. நான் அவசரப்படவில்லை. மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். நீங்கள் எடுத்த ரேகை அதுதான்.

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு நிஜமாகவே அழுகை வருகிறது சார். இந்த அறையை அவரைப் போல ரசித்தவர் யாரும் இல்லை. கட்டிலை எடுத்தபிறகு அந்த இடத்தில் ஒரு தடவைதான் உட்கார்ந்தேன். ஹெலிகாப்டர் முழுசாக வந்தது. குனிந்து குனிந்து சிரித்தேன்.

மணி நின்றபிறகு ஓட்டையை அடைத்தேனா, அடிக்கும்போதே அடைத்தேனா என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். அடிக்கும்போதுதான். நின்றபிறகு அடைத்தால், அடைப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?