இருபதில் நிற்கும் முள்

—அப்ப முள்ளு பொய் சொல்லணும். அதான, காமாட்சியம்மா?

—மெதுவாப் பேசு முனிரத்தினம். டிரைவர் அந்தோணி வெளிய வண்டியைத் தொடச்சுக்கினு இருக்கான். பொய்யின்னு எதுக்குச் சொல்ற? கொஞ்சம் கம்மியாச் சொல்லணும். வண்டி நாப்பது மைல் வேகத்துல போவட்டும், முள்ளு இருபதுல நிக்கட்டும். எங்க வூட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது. உன்னால ஆவுமா ஆவாதா, அதான் கேக்கறேன்.

—நெசத்தைச் சொல்லட்டுமா? எலி கடிச்சுப் போட்ட பழைய மீட்டரைத் தூக்கிக் கடாசிட்டு, ஆற்காட்டுல பழைய இரும்புக்காரன்கிட்ட லாரி மீட்டர் வாங்கி, டைம்பீஸைப் பிரிச்சு நடுவுல கடியாரம் வச்சு, பித்தளைத் தகடு அறுத்து, எல்லாத்தையும் ஒரே பலகையில உக்கார வச்சிருக்கேன். பெட்ரோல் முள்ளு நெசம் சொல்லுது. சூட்டு முள்ளு நெசம் சொல்லுது. கடியாரம் நிமிஷம் தப்பல. வேக முள்ளு மட்டும் பொய் சொன்னா மத்ததெல்லாம் மூஞ்சிய எங்கம்மா வச்சுக்கும்?

—அதுங்களுக்கு ஏது மூஞ்சி. இதென்னது, மீட்டரைச் சுத்தி ருத்ராட்சக் கரை போட்டிருக்குது?

—எண் எழுதறதுக்கு நம்ம வரதராஜன்கிட்ட குடுத்தேன். பொடவைக்கு டிசைன் போட்ட கை. கரை போடாம வுட மனசு வரலயாம்.

—வலப்பக்கம் ஒரு மணி கம்மியா இருக்குது பாரு. பொடவையா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்.

—மொதலாளி கரையை எங்க பாக்கப் போறாரு. அவரு முள்ளை மட்டும் தான் பாப்பாரு.

—அது தான்பா என் வயித்தெரிச்சல். முன் சீட்டுல குந்திக்கினு ரோட்டைப் பாக்கறதில்ல. முள்ளு இருபதைத் தாண்டினா அந்தோணி தோளைத் தொடுவாரு. தொட்டா வண்டி நிக்கணும். எறங்கி நாலு சக்கரத்தையும் சுத்திப் பாத்து, தண்ணி குடிச்சுட்டு, அப்புறம் ஏறுவாரு. போன மாசம் செவிலிமேட்டுக்குப் போறோம், மாட்டு வண்டிக்காரன் எங்களைத் தாண்டிப் போறான். போறவன் சும்மா போவாம வழி வேற வுடச் சொல்றான்.

—கல்யாணத்துக்கு ரயில்ல போயிடலாமே.

—சொல்லாம இருப்பனா? எங்க மாமனாரு தொரைகிட்ட வாங்கின வண்டியில தான் சின்னவ நீலாம்பா போய் எறங்கணுமாம். மீட்டர் இல்லாத வண்டியில அவளை ஏத்தவும் மாட்டாராம்.

—பொண்ணழைப்பு எப்பம்மா?

—வர ஞாயித்துக்கிழமை. வேலூர்ல நாலு மணிக்கு மேல நாலரைக்குள்ள பொண்ணு உள்ள காலெடுத்து வைக்கணும். நாலரைக்கு ராகு காலம். இங்க மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்து அழைச்சு, விருந்து சாப்பிட்டு எழுந்திருக்கவே எமகண்டம் வந்துடும், ஒன்றரைக்கு முன்ன கெளம்ப முடியாது. இவரு இருபதுல போய், மரத்துக்கு மரம் எறங்கி ஏறினா, சிவகாமிக்கு ஆன கதி தான் இவளுக்கும் ஆவும். ஆவணுமா, அதான் கேக்கறேன்.

—பெரிய பொண்ணுக்கு இன்னா ஆச்சு?

—ஏழு வருஷம் ஆவுது. ஆரணிக்குப் போறோம். இதே போல நிறுத்தி நிறுத்தி. ஊர் எல்லையில போய் நிக்கறப்ப ராகு காலம் பொறந்துட்டுது. இப்ப உள்ள வராதீங்கன்னு மாப்பிள்ள வூட்டுல ஆள் அனுப்பிட்டாங்க. ஏரிக்கரையில, புளிய மரத்தடியில, ஒன்றரை மணி நேரம் பொண்ணு வண்டியிலயே குந்தியிருந்தா. போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பாக்கறான். நான் வெளிய நின்னு முந்தானையால மறைச்சுக்கினு இருக்கேன். இவரு இன்னாடான்னா பின் சீட்டுல ஏறி உக்காந்து அவளுக்கு முறுக்கு ஒடச்சுக் குடுத்துக்கினு இருக்காரு.

—சரி, அன்னியோட போச்சு.

—எங்க போச்சு? பால் பொங்கி வழிஞ்சாலும், மாடு ஒதைச்சாலும் அவ மாமியாருக்கு ஒரே பேச்சு தான். ராகு காலத்தை வாசல்ல இட்டுக்கினு வந்தவளாம். அப்பாகிட்ட சொல்லாதம்மான்னு சிவகாமி அழுதா. நானும் சொல்லல. சொன்னா மட்டும் இவரு வேகமாப் போயிடப் போறாரா.

—உள்ள முள்ளை இழுத்துப் புடிக்கிற ஒரு ஹேர் ஸ்பிரிங் இருக்குதும்மா. அதை எடுத்துட்டு கெட்டியான சுருளாப் போட்டா முள்ளு பாதி தான் ஏறும்.

—போடு. அந்தோணிகிட்ட நான் சொல்லிக்கறேன். இவரு காதுக்கு மட்டும் போவக் கூடாது.

—இந்தக் கடையில கடியாரம் தான்மா சத்தம் போடும். நான் போட மாட்டேன்.

*

—வாங்க மொதலாளி. சொல்லி அனுப்பியிருந்தா பலகையை வூட்டுக்கே கொண்டாந்து வண்டியில மாட்டியிருப்பேனே.

—ம்.

—ஒக்காருங்க. மோர் சொல்லட்டா?

—வாணாம்.

—பலகை புடிக்கலயா? கரை வரதராஜன் போட்டது. நான் சொல்லல.

—அதில்ல.

—அப்புறம் இன்னா மொதலாளி?

—நடுவுல இருக்குதே, இந்தக் கடியாரம். சரியா ஓடுதா?

—நெசத்தைச் சொல்லட்டுமா? கோயில் மணி தப்பும், இது தப்பாது.

—தப்பணும்.

—இன்னாது?

—ஞாயித்துக்கிழமை மட்டும் முக்கா மணி பின்னாடி ஓடட்டும்.

—வூட்டம்மா கையில வாட்ச் கட்டியிருப்பாங்களே.

—இந்தா. ரிப்பேர்னு சொல்லி வாங்கியாந்தேன். கல்யாணம் முடியிற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்.

—இது நல்லாத் தான ஓடுது.

—அது தான் ரிப்பேரு.

—மொதலாளி, நம்ம கடியாரம் பின்னாடி ஓடினா ராகு காலமும் பின்னாடி ஓடுமா? வேலூர்க்காரங்க எல்லையிலயே நிறுத்திடுவாங்க.

—நிறுத்தட்டும்.

—ஒன்றரை மணி நேரம் வண்டியிலயே குந்தியிருக்கணும்.

—ம். குந்தியிருக்கலாம்.

—வேணும்னே போய் ராகு காலத்துல மாட்டிக்கிறதா? ஏன் மொதலாளி?

—சிவகாமி பொறந்ததுல இருந்து நான் கடை, தறி, மறுபடியும் கடைன்னே இருந்துட்டேன். அன்னிக்கு ஆரணி ஏரிக்கரையில தான் அவ எங்கிட்ட பேசினா. சின்னதுல தறிக்கடியில ஒளிஞ்சுக்கினு பட்டு நூலை வாயில போட்டு மென்னாளாம். நான் அடிச்சேனாம். எனக்கு நெனப்பே இல்ல. சிரிச்சுக்கினே சொல்றா. நான் இன்னும் கேக்கலாம்னு இருக்கறப்ப, நேரம் ஆச்சு எறங்குன்னு வந்துட்டாங்க. எறங்கிப் போயிட்டா.

—அதுக்காகவா?

—நீலாம்பாகிட்டயும் எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் வேணும்.

—வூட்டுலயே பேசலாம். இன்னும் நாள் இருக்குது.

—பந்தக்கால் நட்டாச்சு. அவளைச் சுத்தி எந்நேரமும் பத்து பொம்பளைங்க. அப்படியே கிட்ட போனாலும் இன்னா பேசறது? வண்டி போய் ஒரு மரத்தடியில நின்னா தான்பா எனக்குப் பேச்சு வருது. இன்னா, ஆவாதா?

—ஆவும். ஆனா நான் சொல்லக் கூடாத ஒண்ணைச் சொல்லிட வேண்டியதா இருக்குது. சிவகாமியை அவ மாமியா இன்னிக்கும் ஏசறாங்களாம். பால் பொங்கினாலும், மாடு ஒதைச்சாலும் ஒரே பேச்சு. ராகு காலத்தை வாசல்ல இட்டுக்கினு வந்தவன்னு.

—யார் சொன்னது?

—தெரிஞ்சவங்க.

—ஏழு வருஷமாவா?

—அப்படித் தான் சொன்னாங்க. மொதலாளி, தண்ணி குடிங்க.

—நான் முறுக்கு ஒடச்சுக் குடுத்துக்கினு இருந்தேன்.

—குடிங்க.

—கடியாரம் சரியாவே ஓடட்டும். வாட்சைக் குடு.

—இந்தாங்க. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஒன்றரைக்குக் கெளம்பி, நடுவுல எறங்காம நாப்பதுல போனா ரெண்டரைக்கு வேலூர் எல்லை. நாலுக்கு முன்ன பொண்ணை உள்ள இட்டுக்க மாட்டாங்க. அதுவரைக்கும் ஏதாவது மரத்தடியில குந்தியிருக்க வேண்டியது தான். நல்ல நேரத்துக்காவ காத்துக்கினு இருக்கிற பொண்ணை எந்த மாமியா ஏசுவா?

—நாப்பதுலயா?

—உங்களுக்கு வேகம்னா பயம், தெரியும். ஆனா முள்ளு இருபதைத் தாண்டாது. தைரியமா குந்தியிருக்கலாம்.

—நாப்பதுல போற வண்டிக்கு முள்ளு எப்படி இருபதுல நிக்கும், முனிரத்தினம்?

—கடைன்னா நாலு பேரு வருவாங்க, போவாங்க.

—காமாட்சி வந்தாளா?

—நான் ஒண்ணும் சொல்லல மொதலாளி.

—நெசத்தைச் சொல்லட்டுமான்னு நீ கேக்கலயே. அப்பவே தெரிஞ்சுது.

—கெட்டியான சுருள் போட்டிருக்கேன். அவங்களைக் கோவிச்சுக்காதீங்க. உங்க பயத்துக்குத் தான் பயந்து வந்தாங்க.

—எனக்கு இன்னா பயம்? தொரை வண்டி வந்த புதுசுல வாலாஜாபாத் ரோட்டுல அறுபதுல ஓட்டினவன் நான். அன்னிக்கு ஆரணி போறப்ப சும்மா சும்மா நிறுத்தினேன். ஏன் நிறுத்தறீங்கன்னு காமாட்சி கேட்டா. பொண்ணைக் கொண்டு போய் வுட மனசு வரலன்னு சொல்லணும், வாய் வரல. வேகம்னா பயம்னு சொல்லிட்டேன். ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் போற எடத்துக்கெல்லாம் பயந்து தான ஆவணும்? செவிலிமேட்டுக்குக் கூட பயந்துக்கினே போறேன்.

—மாட்டு வண்டிக்காரன் தாண்டிப் போனானாமே.

—அதையும் சொல்லிட்டாளா?

—பயமே இல்லன்னா இந்தச் சுருள் எதுக்கு? பழையதையே போட்டுடறேன். முள்ளு நெசமே சொல்லட்டும்.

—போடாத. பொய்யே சொல்லட்டும். இவரை ஏமாத்திட்டோம்னு காமாட்சி பின் சீட்டுல சிரிச்சுக்கினு வருவா. பொண்ணை வுட்டுட்டு வரப் போற வண்டியில ஒருத்தராவது சிரிக்கட்டும்.