படகில் வெந்நீர் கேட்டவள்

இன்னும் நெருங்கி உட்காருங்கள். தண்ணீர் குடிக்கிறவர்கள் இப்போதே குடித்துவிடுங்கள். பாதிக் கதையில் எழுந்து பின்பக்கம் போகும் தைரியம் யாருக்கும் இருக்காது. எனக்கும்தான்.

இது என் சகலையின் தம்பி சேவுகனுக்கு நடந்தது. கோட்டையூரில் டீசல் மெக்கானிக். பம்புசெட்டோ ஜெனரேட்டரோ, காது கொடுத்துக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால், "அது டீசல் லைன்ல காத்து புகுந்துருக்கும்யா, பிளீட் பண்ணி வெளியேத்து" என்று கேலி செய்கிற ஆள். போன மார்கழி வரைக்கும்.

நேரம்... பன்னிரண்டு மணி. ராத்திரி இல்லை, பகல். உச்சிப்பொழுது. இருட்டுக்குப் பயப்படுகிற நாம் உச்சிக்குப் பயப்பட மறந்துவிட்டோம்.

கல்லல் தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு செம்மண் பாதை. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. அன்றைக்கு மேகம் மூடி வெயிலே இல்லை. ஆடு இல்லை, ஆள் இல்லை. பாதை முடிகிற இடத்தில் ஒரு தோப்பு, தோப்புக்குள் ஒரு பெரிய குளம், குளத்தில் ஒரு படகு. சிரிக்காதீர்கள். சென்னைக்காரர் ஒருவர் கேரளாவிலிருந்து பழைய வீட்டுப் படகை லாரியில் ஏற்றி வந்து, விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட மிதக்கவிட்டிருந்தார். படுக்கையறை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உண்டு. குளிக்க வெந்நீர் தருவதற்கு டீசலில் எரிகிற ஹீட்டர் ஒன்றும் உண்டு. அதுதான் பற்றிப் பற்றி அணைந்துபோகிறது. சாயங்காலம் ஆள் வருகிறது, எப்படியாவது பார்த்துக் கொடுங்கள் என்று போனில் கெஞ்சினார்.

சேவுகனுக்குக் கிளம்ப மனமே இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண் பிள்ளை. இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மனைவி ஈஸ்வரியின் அக்கா அனுசுயா தினமும் காலையில் வந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். ஈஸ்வரிக்குத் தனியாகச் செய்யக் கை நடுங்கும்.

"ஒரு மணிக்குள்ள வந்துருங்க. நீங்க தண்ணி ஊத்துனாத்தான் நான் பிள்ளையப் பிடிப்பேன்."

"வேலை அரை மணி நேரம்தான். வாரேன்."

தோப்பு வாசலில் காவலுக்கு இருந்தவர் மாயக்கண்ணன். உள்ளே கூட வரவில்லை. "படகு தொறந்துதான் கெடக்கு. நீங்க போங்க, எனக்கு முட்டிவலி" என்றார். சொல்லும்போது சேவுகன் முகத்தைப் பார்க்கவில்லை.

படகில் ஏறுகிற பலகையின் ஓரத்தில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு. கம்பியில் ஒரு பிள்ளைத் துண்டு காய்ந்தது. சாயங்காலம் வர வேண்டியவர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம்.

ஹீட்டர் பின்பக்கம், பலகைக்கு அடியில். சூட்கேஸ் அளவுப் பெட்டி. சுவிட்சைப் போட்டான். காற்றாடி உஸ்ஸ் என்று சுற்றியது. டீசல் தள்ளுகிற சின்ன பம்ப் துடித்தது. டிக்... டிக்... டிக்... பிறகு உள்ளே 'குப்' என்று தீ பிடித்தது. சரியாக மூன்று நிமிஷம். வெள்ளைப் புகை கக்கிவிட்டு அணைந்தது.

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தான். சுத்தம். டீசல் குழாயில் காற்றுக்குமிழி இல்லை. பேட்டரியிலும் குறை இல்லை. முனை தளர்ந்திருக்குமோ என்று பம்புக்குப் போகிற வயரைக் கழற்றிக் கையில் பிடித்தான்.

டிக்... டிக்... டிக்... டிக்.

நான்கு தடவை. வயர் அவன் கையில் இருக்கிறது. பம்ப் துடிக்கிறது. பிறகு நின்றது. உள்ளே கொஞ்சம் கரண்ட் மிச்சமிருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் முதுகில் வியர்த்துவிட்டது.

அப்போதுதான் குளியலறைக்குள் சத்தம். வாளியில் குவளை இடிக்கிற சத்தம். கதவு சாத்தியிருந்தது.

"அண்ணே... தண்ணி காஞ்சிருச்சாண்ணே?"

சின்ன வயசுக் குரல். சேவுகன் சட்டென்று திரும்பி நின்றுகொண்டான். பெண் பிள்ளை குளிக்கிற இடத்தருகே நிற்கிறோமே என்று கூச்சம்.

"இன்னும் இல்லத்தா. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பிள்ளைக்கு ஊத்தணும்ணே. ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்."

அவனுக்கு மனசு இளகிவிட்டது. பிள்ளைக்காரன் அல்லவா. பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எனக்குத் தெரியும்த்தா. எங்க வீட்டுலயும் இருபத்திரண்டு நாள் பிள்ளை. இன்னைக்கு இன்னும் குளிப்பாட்டல. குளிப்பாட்ட ஆள் இல்ல."

உள்ளே குவளைச் சத்தம் நின்றது.

"ஆள் இல்லையாண்ணே?" என்று கேட்டது குரல். இந்தத் தடவை கதவுக்கு வெகு பக்கத்திலிருந்து.

சேவுகன் வேலையைப் பார்த்தான். மிச்சம் இருந்தது புகைக்குழாய் மட்டும்தான். படகின் விளிம்பில் வயிறு பதிய எட்டி, குழாய்க்குள் விரலை விட்டான். அடைத்திருந்தது. நோண்டி இழுத்தான். ஈரத்துணி ஒன்று கரியோடு சுருண்டு வந்தது. முனையில் ஒரு முடிச்சு. முடிச்சு அவிழ்ந்து உள்ளேயிருந்து சாம்பல் கொட்டியது. புகை போக வழி இல்லாவிட்டால் எந்தத் தீயும் அணையத்தான் செய்யும். எந்த மடையன் இதைச் செருகினான் என்று திட்டிக்கொண்டே குளத்தில் வீசினான். தண்ணீரில் விழுந்ததும் கரி விலகி, துணி மஞ்சளாகத் தெரிந்தது.

சுவிட்சைப் போட்டான். டிக்... டிக்... குப். மூன்று நிமிஷம் ஆயிற்று. ஐந்து. பத்து. அணையவில்லை. குழாய் சூடேறி, குளியலறைக் கதவின் அடியிலிருந்து ஆவி வந்தது. டீசல் வாடை. அதோடு கலந்து, பிள்ளைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் வாடை.

"காஞ்சிருச்சுத்தா. பாத்து ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினான். பலகையில் கால் வைத்ததும் பழக்கதோஷத்தில் திரும்பிச் சொன்னான்.

"அப்ப நான் வாரேன்."

நாம் யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டோமே. அவனும் சொல்லவில்லை.

"சரிண்ணே" என்றது குரல். பிறகு மெதுவாக... "வாரேன்."

'வாங்க' என்பதைத்தான் தப்பாகக் காதில் வாங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினான். செருப்பு மாட்டும்போதுதான் கவனித்தான். ஓரத்தில் இருந்த அந்தப் பெண் செருப்பைக் காணோம்.

வாசலில் மாயக்கண்ணன் எழுந்து நின்றார். குளத்துப் பக்கம் புகை எழுவதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"தம்பி, அந்த மஞ்சத்துணிய எடுத்துட்டீகளா?"

"நீங்கதான் அடைச்சதா? எதுக்குய்யா?"

"நம்ம கருப்பர் கோயில்ல விபூதி முடிஞ்சு வாங்கியாந்து அடைச்சேன். மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு பிள்ளைக்காரி, பிள்ளையக் குளிப்பாட்ட வெந்நி போட உள்ள போச்சு தம்பி. புகைக்குழா கழண்டு உள்ளுக்குள்ள புகை. வெளிய புருசன் பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிறாரு, உள்ள இதுக்கு மூச்சடைச்சு உசுரு போயிருச்சு. அதுக்கப்புறம் தெனம் உச்சிக்குத் தானா டிக்கு டிக்குனு ஓடும். துணி வச்ச பிறகுதான் கொஞ்சம் அடங்கி, படகை விட்டு எறங்காம கட்டுப்பட்டுக் கெடந்துச்சு."

"அப்ப உள்ள இருந்தது..."

"பேசுனீகளா?" என்று கிட்டே வந்தார் அவர். "கெளம்பையில... சொல்லிக்கிட்டா கெளம்புனீக?"

இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவது கிடையாது. சொன்னால் இழவும் கூடவே வரும் என்று இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். சேவுகனுக்கும் தெரியும். அது இழவு வீடு என்றுதான் அவனுக்குத் தெரியாது. "இதை ஏன்யா முதல்லயே சொல்லல?" என்று அவர் சட்டையைப் பிடித்தான். முதலாளி வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். கிழவர் அழுதுவிட்டார்.

உடனே ஈஸ்வரிக்குப் போன் போட்டான். ரொம்ப நேரம் அடித்து, தூக்கக் குரலில் எடுத்தாள்.

"பாப்பா எங்க?"

"கண்ணசந்துட்டேங்க. இப்பத்தான் அக்கா வந்துச்சு போல. பின்னாடி தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது. பாப்பா ஒரு சிணுங்கல்கூட இல்ல, பாருங்களேன்."

"எந்திரிச்சுப் போய்ப் பிள்ளையத் தூக்குடி!" என்று அலறினான். லைன் விட்டுப்போயிருந்தது. அனுசுயாவுக்கு அடித்தான்.

"நானா? இன்னும் பாய விட்டே எந்திரிக்கல தம்பி. ஏன்?"

கோட்டையூருக்கு அவன் எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தானாம், கேலி பேசிய அதே வாயால். வாசல் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. தட்டினான். ஈஸ்வரி திறந்தாள். கையில் பிள்ளை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் போய்ப் பாக்கையில அங்க யாருமே இல்லைங்க. மடிச்ச துண்டு மேல பாப்பா மட்டும் படுத்திருந்துச்சு. குளிச்சு... தலை துவட்டி..."

சேவுகன் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்தான். உடம்பு இளஞ்சூடு. மூச்சு சீராக இருந்தது. நிம்மதியில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. தலையை முகர்ந்தான். தேங்காயெண்ணெய் வாடை. அதற்கடியில்... டீசல்.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தான். ஈஸ்வரி எப்போதும் இடது கன்னத்தில் மையால் பொட்டு வைப்பாள். இப்போது வலது கன்னத்தில் வட்டமாக, அழகாக, ஒரு திருஷ்டிப் பொட்டு இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தான். மை இல்லை. கரி. அந்தப் புகைக்குழாய்க்குள் விரல் விட்டபோது அவன் நகத்தில் ஏறிய அதே கரி.

வீட்டில் சத்தமே இல்லை. பின்பக்கம் வாளியில் குவளையை வைக்கிற சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது. பிறகு, வந்த வேலை முடிந்த விருந்தாளி மாதிரி, மரியாதையாக ஒரு குரல்...

"வாரேன்ணே."