சாந்தினி எண்டே போடுவம்

ஆராய்ச்சி என்ற சொல் காதில் விழுந்தால், அதைப் பாதியில் விட்டு ஓடியவன் என்ற முறையில் நான் நகர்ந்துவிடுவது வழக்கம். அன்று தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில், பேருந்து வரிசையில் நகர முடியவில்லை. முன்னால் நின்ற நாற்பது வயதுப் பெண், கூட நின்ற மாணவியிடம் சொன்னாள்:

“நான் சொன்னதிலை எதை வேணுமெண்டாலும் வெட்டு. பேரை மட்டும் மாத்தாதை.”

“பாதுகாப்புக்குத்தான் அக்கா. திருநங்கையள், தற்பாலீர்ப்பு ஆக்கள் எண்டு எங்களைப் பற்றி நாங்களே செய்யிற ஆராய்ச்சி. எல்லாருக்கும் புனைபேர் எண்டு கூடித்தானே முடிவெடுத்தம்.”

“அரைவாசி வாழ்க்கை ஆம்பிளைப் பேரோடை இழுபட்டனான். சாந்தினி எண்டு பத்திரத்திலை ஏத்தப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை நீ ஒரு பின்னேரத்திலை பறிப்பியோ?”

“பியர்ஃபித் புறநகரிலை இருக்கிற உங்கடை அம்மா வாசிச்சால்?”

“அவ வாசிக்கத்தானே கதைச்சனான். போனிலை சாந்தினி கதைக்கிறன் எண்டால் உடனை வைக்கிறா. அச்சடிச்சது எண்டால், வடை சுத்தின பேப்பரையும் முழுக்க வாசிச்சுப்போட்டுத்தான் எறிவா.”

மாணவி கையிலிருந்த குறிப்பேட்டில் புனைபெயரை வெட்டினாள். பிறகு, “அப்ப கூட்டத்திலை நானே கதைக்கிறன். சாந்தினி எண்டே போடுவம்” என்றாள்.

“போடேக்கை எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ. அவவுக்கு இப்ப கண் மங்கல்.”