மூன்றாவது நீதிபதியும் விலகினார்

எனக்குக் காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும், ஐயா. எதிர்வீட்டு அக்காவுக்கு அரைக் கரண்டி போதும். இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். தெரிந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு உப்பிவிடும். அதனால்தான் எங்கள் தெருவில் என் தலை தெரிந்தாலே கதவைச் சாத்துவார்கள்.

நீதிமன்றத்தில் என் வேலை, வழக்குக் கட்டுகளை நீதிபதிகளின் அறையில் கொண்டுபோய் வைப்பது. அக்காவின் ஒரே மகன் கிடங்குக் காவலாளி. கிடங்கு எரிந்ததும் அவன்தான் கொளுத்தினான் என்று உள்ளே தள்ளிவிட்டார்கள். அவனுக்கு இளைப்பு. நாலு படி ஏறினாலே மார்பில் விசில் அடிக்கும். சிறைத் தூசியில் தாங்கமாட்டான் என்று ஜாமீன் மனு போட்டார்கள்.

முதல் நீதிபதி தானாகவே விலகினார். கிடங்கு முதலாளி அவருக்குச் சம்பந்தி. வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்ற வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அன்று சாயங்காலம் அக்கா முதன்முறையாக என் வீட்டுப் படி ஏறினார்.

"உன்னை விட்டா எனக்கு யாருடி விவரம் சொல்லுவாங்க?"

துணி குவித்து வைத்திருந்த இன்னொரு நாற்காலியை ஒழித்துக் கொடுத்தேன். அப்புறம் அக்கா தினமும் வந்தார்.

இரண்டாவது நீதிபதி தங்கமானவர். கட்டைப் பிரித்ததுமே ஜாமீன் கொடுத்துவிடுவார். பையன் வந்துவிட்டால் அக்காவுக்கு என் வீட்டில் என்ன வேலை? வழக்குக் கட்டை அவர் மேஜையில் வைக்கும்போது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்:

"இந்தப் பையனோட பெரியம்மா பொண்ணு, ஐயாவோட மச்சினர் வீட்டு மாடியிலதான் குடியிருக்காங்களாமே?"

பொய் இல்லை. விசாரித்துத்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. நான் இதைத் தொடக் கூடாது."

மறுபடி வாரக்கணக்கு. மறுபடி காப்பி.

மூன்றாவதாக வந்த அம்மா ஊருக்குப் புதிது. எவ்வளவு துருவியும் ஒரு ஒட்டுறவு சிக்கவில்லை. அதனால் அக்காவிடம் சொன்னேன்:

"அவங்களும் பிள்ளை பெத்தவங்கதானே அக்கா? வீட்டு வாசல்ல நின்னு ஒரு வார்த்தை அழுதுட்டு வாங்க."

"தப்பில்லையாடி?"

"தப்புன்னா நான் சொல்லுவேனா?"

குற்றம் சாட்டப்பட்டவனின் தாய் வீடு தேடி வந்தால் எந்த நீதிபதியும் அந்த வழக்கைத் தொடமாட்டார். நீதிமன்றத்துக் கதவுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அக்காவுக்குத்தான் தெரியாது. மறுநாளே அந்த அம்மா விலகிக்கொண்டார்.

நான்காவது நீதிபதியை நியமிக்கும் முன் பையன் சிறையிலேயே போய்விட்டான். அவன் மூச்சுக்குத் திணறியது பக்கத்தில் படுத்திருந்தவருக்கே கேட்கவில்லையாம். எனக்குக் கேட்கிறது, ஐயா. பால் கொதிக்கும்போது, கதவு கிறீச்சிடும்போது, எல்லாவற்றிலும் அந்த விசில்தான்.

இரண்டாவது நீதிபதி என் பேச்சை நினைவு வைத்துச் சொன்னதால்தானே என்னை விசாரணைக்குக் கூப்பிட்டீர்கள்? அவர் சொன்னது சரி. செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

அக்கா இப்போதும் தினமும் வருகிறார். "வாசல்ல போய் நின்னு நான்தானே கெடுத்தேன்" என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறார். நான் கையைப் பிடித்துத் தடுக்கிறேன். வேண்டுமென்றா செய்தீர்கள் என்று தேற்றுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?