மூடிய டேனரியில் டிரம் சுற்றிய விவகாரம்

என் பெயர் சின்னசாமி, வயது 54, தகப்பனார் பெயர் ராமமூர்த்தி. ஆம்பூரில், மூடிக்கிடக்கும் ஒரு டேனரியை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறேன். தோல் பதனிடும் டிரம், அதாவது உள்ளே ஆள் நின்றாலும் தலை இடிக்காத மரப் பீப்பாய், அதை இருபத்தாறு வருடம் ஓட்டினேன். தற்போது வேலை இல்லை. தெருவில் யார் வந்தார், யார் போனார் என்று பார்ப்பதே என் வேலை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கடந்த தை மாதம் மேற்படி டேனரியை நயீம் அகமது என்பவர் வாடகைக்கு எடுத்தார். விசாரித்ததில் இசைத்தட்டு கம்பெனி என்றார். மெட்டுக்கும் தாளத்துக்கும் அடங்காத ஜாஸ் மட்டுமே போடுவாராம், வாங்கப்போகிறவர்களில் பாதிப்பேர் ஜப்பானில் இருக்கிறார்களாம். நான் நம்பவில்லை. அதன் பிறகு, வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க என்று சொல்லி, ஜன்னல்களில் முட்டை அட்டை ஒட்டினார்கள். அதன் பிறகு காட்பாடியிலிருந்து ஹெலன் என்ற பெண் கறுப்புப் பெட்டியுடன் வந்தார். உள்ளே சாக்ஸபோன் என்றார்கள். அவர் ஊதிய பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

இம்மாதம் 11ஆம் தேதி பகல் சுமார் பதினொரு மணிக்கு உள்ளே டிரம் சுற்றும் சத்தம் கேட்கவே, போய்க் கதவைத் தட்டினேன். நயீம் திறந்தார்.

"இன்னா தம்பி, பர்மிஷன் இல்லாம தோல் போடறியா?"

"தோலும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே. காலி டிரம்ம சுத்த விட்டு, அந்த சத்தத்தோட ஹெலன் ஊதறாங்க. ரெக்கார்டிங்."

"நகரு, உள்ள வந்து பாக்கறேன்."

"வேணாண்ணே. மூச்சு விட்டாகூட மைக்ல விழும். உங்களுக்கு மூச்சு கொஞ்சம் ஜாஸ்தி."

உள்ளே ஹெலன் சிரித்தார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய், திருட்டுத்தனமாகத் தோல் பதனிட்டுக் கழிவுநீரைப் பாலாற்றில் விடுவதைக் கண்ணால் கண்டதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதி அனுப்பினேன். அதன் பேரில் அதிகாரிகள் வந்து சீல் வைத்தார்கள். பதிவு செய்த டேப் உள்ளே மாட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் அதை அச்சுக்கு அனுப்பாவிட்டால் கம்பெனியின் முதல் தட்டே வராது, கம்பெனியும் அத்தோடு சரி என்று நயீம் நேற்று என் வாசலில் நின்று சொன்னார்.

"தண்ணி ஓடினத நீங்க பாத்தீங்களாண்ணே? அத மட்டும் ஸ்டேஷன்ல சொல்லுங்க, போதும்."

பார்க்கவில்லை. தோலும் தண்ணீரும் உள்ள டிரம் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் தோல் பொத்தென்று விழும். அன்று விழவில்லை. வெறும் மரம்தான் முனகியது. இருபத்தாறு வருடம் ஓட்டியவருக்கு இது தெரியாதா என்று இன்று ஸ்டேஷனில் ஆய்வாளர் கேட்டார். தெரியும். புகார் எழுதும்போதே தெரியும். அந்தப் பெண் சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், யாவும் நான் சொன்னதே, உண்மையே. சிரித்தது பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள்.

(ஒப்பம்) சின்னசாமி